மருந்துச் சோதனை: யாருடைய வினா?

மருந்துச் சோதனை என்றதும் நம் முற்போக்கு எழுத்தாளர்களின் பேனாமுனையில் தானாகவே வந்து நிற்கும் தொடர் ஒன்று உண்டு: ‘சோதனை எலிகள்’. ஏழை நாட்டு மக்களைப் பணக்கார நாட்டு மருந்துக் கம்பனிகள் எலிகளாக்குகின்றன என்று நாம் கதை எழுதுகிறோம்; கவிதை பாடுகிறோம்; கூட்டங்களிற் பேசுகிறோம். இந்தக் கோபம் ஆதாரமற்றதன்று. 1996ஆம் ஆண்டு நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, பைசர் கம்பனி தனது புதிய மருந்தொன்றை 200 குழந்தைகளைக் கொண்ட சோதனையொன்றிற் பயன்படுத்தியது. அவர்களில் 11 பேர் மாண்டனர். பெற்றோரிடம் முறையான சம்மதம் பெறப்படவில்லை என்று வழக்குகள் எழுந்தன. கம்பனி குற்றத்தை மறுத்த போதிலும், 2009இல் கானோ மாநில அரசோடு ஏழரைக் கோடி டொலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இவையெல்லாம் வரலாறு.

கோபம் நியாயமானது, ஆனால் கோபம் மாத்திரம் விமரிசனமாகிவிடாது. ‘எங்களைச் சோதிக்காதே’ என்று சொல்லிவிட்டு நாம் நின்றுவிட்டால் எமக்கு மிஞ்சுவது எது? வேறெங்கோ, வேறு யார்மீதோ, வேறு யாருடைய தேவைக்காகவோ சோதிக்கப்பட்ட மருந்து. அல்லது எங்குமே சோதிக்கப்படாத மருந்து. இவ்விரண்டில் எதுவும் மக்கள் பக்கம் நிற்பதன்று. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு நோயை எடுத்துக்கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவன் வைத்திய அறிக்கைகளைப் படிப்பது வரம்பு மீறல் என்று சிலர் கருதலாம். அறிக்கையும் ஓர் எழுத்தே. யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதைக் கேட்டார், எதைக் கேளாமல் விட்டார் என்னும் வினாக்கள் நாவலுக்குப் பொருந்துமாயின் அறிக்கைக்கும் பொருந்தும்.

முதலில் நோயின் பரப்பைக் காண்போம். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயோடு வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் நூற்றுக்கு 80 பேர் வரை வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கின்றனர். தக்க மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. ஆனால் எஞ்சியோரின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து குவான், புரோடி என்னும் இரு வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதுவரை மருந்தே உட்கொண்டிராத 470 நோயாளரில் நூற்றுக்கு 47 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தினால் நூற்றுக்கு 13 பேர் பயனடைந்தனர். அதற்குமேல் மூன்றாவது மருந்தையும் மருந்துக் கூட்டுகளையும் கொடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 4 பேரே தேறினர். படி ஏற ஏற நம்பிக்கை எப்படிச் சுருங்குகிறது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன. பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய முறையிற் கொடுத்தும் அடங்காத வலிப்பையே ‘மருந்துக்கு அடங்கா வலிப்பு’ என்று 2010இல் வலிப்பு நோய்க்கான சர்வதேசக் கழகம் வரையறுத்தது.

இந்நோய் கொண்ட மனிதனை இலக்கியம் எவ்வாறு கண்டது? தாஸ்தயெவ்ஸ்கி தாமே வலிப்பு நோயாளி. ‘அசடன்’ நாவலின் மிஷ்கின் கோமகனுக்கு அந்நோயைக் கொடுத்து, வலிப்புக்கு முந்திய கணத்தில் ஓர் ஆன்ம ஒளியைக் காட்டினார். ‘கரமசோவ் சகோதரர்க’ளில் ஸ்மெர்ஜக்கோவுக்கு அதே நோயைக் கொடுத்து, பொய் வலிப்பைக் கொலைக்குத் திரையாக்கினார். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே, 1878இல், மூன்று வயதும் நிரம்பாத அவருடைய மகன் அல்யோஷா வலிப்பினால் இறந்தான். அந்தச் சாவில் ஒளியுமில்லை, சூழ்ச்சியுமில்லை. இயலாமை மாத்திரமே இருந்தது. உலகப் பேராசான் ஒருவராலும் அதைக் காப்பியமாக்க முடியவில்லை; பிள்ளையின் பெயரைத் தம் கடைசி நாவலின் நாயகனுக்குச் சூட்டினார். நமது திரைப்படங்களிலோ வலிப்பு வந்தவனின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதோடு காட்சி முடிந்துவிடும். அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வகுப்பறையில் தோழன் விழுந்தாலும் இரும்பைத் தேடித்தான் ஓடுகின்றனர். அவனை ஒரு பக்கமாகச் சரித்துவிட வேண்டும், வாயில் எதையும் திணிக்கலாகாது என்னும் சிறு உண்மை பாடப்புத்தகத்திலிருந்து அவர்களுடைய கைக்கு வந்துசேரவில்லை. வலிப்பு நமக்கு ஒரு குறியீடாக இருந்திருக்கிறது. மனிதனுக்கு நேரும் நோயாக, மருந்து தேவைப்படும் நோயாக, இருந்தது குறைவு.

அந்தக் குறையைத் தீர்க்கும் எழுத்தை நான் வைத்தியரின் கடிதமொன்றிற் காண்கிறேன். 1841இல் இங்கிலாந்துச் சிற்றூர் வைத்தியரான வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், லண்டனிலிருந்து வெளியாகும் ‘லான்செட்’ என்னும் வைத்திய இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். நான்கு மாதக் குழந்தையின் தலை திடீரென்று முழங்காலை நோக்கிக் குனிகிறது, நிமிர்கிறது, மறுபடியும் குனிகிறது. இவ்வாறு தொடர்ச்சியாகப் பலமுறை. குழந்தையின் சிரிப்பும் நோக்கும் படிப்படியாக மங்குகின்றன. தந்தை அட்டை விட்டுப் பார்த்தார், பேதிமருந்து கொடுத்தார், ஈறு கீறினார், அபினும் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. எதையும் மறைக்காமல், இதுபோன்ற நோயை வேறு யாரேனும் கண்டதுண்டா என்று உலகத்தைக் கேட்டார். தமக்குத் தெரியாது என்பதை அச்சில் ஏற்றினார். அந்தக் கடிதத்தின் பெருமை அதுவே. பிற்காலத்தில் அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. வெஸ்ட் நோய் என்னும் இந்தச் சிசுப் பருவ வலிப்பு, சாதாரண வலிப்பு மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. அடக்கத் தாமதித்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சியும் தேங்கிவிடுகிறது.

வெஸ்டின் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் மறுமொழி இல்லை. 1958இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சொரேலும் அவருடைய சகாவும், அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோனை ஊசி மூலம் கொடுத்தால் இந்த வலிப்பு அடங்குவதைக் கண்டனர். அதன்பின் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டிரொயிட் குளிசையும் பயன்பாட்டுக்கு வந்தது. பிரெட்னிசொலோன் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இழுப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் மலிவான பழைய குளிசை. இங்கேதான் எமக்கு முக்கியமான வினா எழுகிறது: விலையுயர்ந்த ஊசி சிறந்ததா, மலிவான குளிசை சிறந்ததா?

இதைக் கேட்க எந்தக் கம்பனிக்கு ஆர்வம் இருக்கும்? குளிசைக்குக் காப்புரிமை இல்லை; வென்றாலும் இலாபமில்லை. ஊசியை விற்பவனுக்கோ தோற்றால் நட்டம். சந்தை என்னும் ஆசிரியர், மாணவன் எழுப்ப வேண்டிய இந்த வினாவை வினாத்தாளிலேயே சேர்க்கமாட்டார். இந்த வினாவை எடுத்துக்கொண்டவர்கள் எமது நாட்டு வைத்தியர்களே. கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில், ஜிதாங்கி வனிகசிங்கவும் அவருடைய சகாக்களும், வெஸ்ட் நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 97 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். முடிவு 2015இல் வெளியாயிற்று. 48 குழந்தைகளுக்குக் குளிசை. 49 குழந்தைகளுக்கு அந்த ஹோர்மோனின் செயற்கை வடிவமான டெட்ராகொசாக்டைட் ஊசி. எந்தக் குழந்தைக்கு எது என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை; சீட்டுக் குலுக்குவது போன்ற ஒழுங்கே தீர்மானித்தது. மூளை மின்னலைப் பதிவை வாசித்தவருக்கு எந்தப் பதிவு எந்தப் பிரிவுக் குழந்தையினுடையது என்று தெரியாது. 14ஆம் நாள் முடிவில், வலிப்பும் நின்று மின்னலையும் சீரானவர்கள் குளிசைப் பிரிவில் 28 பேர், அதாவது நூற்றுக்கு 58. ஊசிப் பிரிவில் 18 பேர், நூற்றுக்கு 37.

சீட்டுக் குலுக்குவதா, அதுவும் பாலகரின் உயிரோடா என்று சிலர் பதறலாம். இப்பதற்றத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. விளக்கம் சொல்ல வேண்டும். வைத்தியர் தாமே தெரிவுசெய்தால், நோய் கடுமையான குழந்தைக்கு ஒன்றையும் இலேசான குழந்தைக்கு மற்றொன்றையும் தம்மையறியாமலே கொடுத்துவிடுவார். வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு விலையுயர்ந்தது போய்ச் சேரும். பின்பு தேறியது மருந்தினாலா, வசதியினாலா என்று எவரும் சொல்ல முடியாது. குலுக்கல் இந்த வேறுபாடுகளைச் சமமாகப் பரப்பிவிடுகிறது. எமது சமுதாயத்தில் பணக்காரன் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையும் ஒரே நியதிக்கு உட்படும் இடங்கள் வெகு சில. நேர்மையாக நடத்தப்படும் சோதனை அவற்றில் ஒன்று.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். கொழும்புச் சோதனையில் எந்தக் குழந்தைக்கும் வெற்றுக் குளிசை கொடுக்கப்படவில்லை. இரு பிரிவினரும் உண்மையான மருந்தையே பெற்றனர். வளர்ந்தோரின் அடங்கா வலிப்புக்குப் புதிய மருந்து கண்டறியும் கம்பனிச் சோதனைகள் பெரும்பாலும் இவ்வாறல்ல. நோயாளி ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தோடு, ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்தையும் மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலிக் குளிசையையும் சில மாதங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். இவ்வகைச் சோதனைகள் 112ஐப் பிரெஞ்சு வைத்தியர் ரிவ்லினும் சகாக்களும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. வலிப்பு நோயாளருக்கு நேரும் காரணம் விளங்காத திடீர் மரணம், பயன்தரும் அளவில் மருந்து பெற்றோரைவிடப் போலிக் குளிசை பெற்றோரிடையே ஏறத்தாழ 7 மடங்கு மிகுதி. ஆகவே போலிக் குளிசை பெறுவோரும் ஆபத்தொன்றைச் சுமக்கின்றனர். அந்த ஆபத்தை எத்தனை வாரம், எத்தனை பேர் சுமக்கலாம், எந்தக் கட்டத்தில் அவரைச் சோதனையிலிருந்து மீட்டு நல்ல மருந்துக்கு மாற்ற வேண்டும் என்பனவே இன்று சோதனைகளை வகுப்போர் முன்னுள்ள அறப்பிரச்சினைகள். ‘எலிகள்’ என்னும் ஒற்றைச் சொல்லால் இந்தக் கணக்கைப் போட முடியாது.

அப்படியானால் பிறநாட்டார் சோதித்து முடித்த மருந்தை வாங்கிக்கொள்வதே எமக்குப் பாதுகாப்பல்லவா? இல்லை. கார்பமசெப்பின் என்னும் வலிப்பு மருந்து 1960களில் ஐரோப்பாவில் பழக்கத்துக்கு வந்தது, நன்மருந்து, இன்றும் கோடிக்கணக்கானோர்க்கு உதவுகிறது. ஆனால் சிலருக்கு அது தோலையும் வாயையும் வெந்ததுபோல் உரித்துவிடும் உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். 2004இல் தாய்வான் ஆய்வாளர்கள், இவ்வாறு பாதிக்கப்பட்ட 44 நோயாளரையும் சோதித்து, 44 பேரிடத்தும் ஒரே பரம்பரைக்கூறு இருக்கக் கண்டனர். அந்தக் கூறு ஐரோப்பியரிடம் மிக அரிது. ஆசிய மக்களிற் பல பிரிவினரிடம் அவ்வளவு அரிதன்று. ஐரோப்பியரைச் சோதித்து எழுதப்பட்ட அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் ஆசியரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கலைக்க நாற்பது ஆண்டுகள் சென்றன. சோதனையில் இடம்பெறாத மக்கள், பின்னர் மருந்துக் கடையில் சோதிக்கப்படுகிறார்கள். அதற்குப் பதிவேடும் இல்லை, நட்டஈடும் இல்லை.

இனி, கொழும்பில் ஊசியும் குளிசையும் ஒப்பிடப்பட்ட அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே இந்நோய்க்குக் கொடுக்கப்படும் ஹோர்மோன் ஊசிமருந்தின் பெயர் அக்தார். பழைய மருந்து, புதுமை எதுவுமில்லை. 2001இல் குவெஸ்ட்கோர் என்னும் கம்பனி அதன் உரிமையை வாங்கியபோது ஒரு குப்பியின் விலை ஏறத்தாழ 40 டொலர். 2017 அளவில் அது 34,000 டொலரைத் தாண்டிவிட்டது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குறிப்பிட்டது. அதற்குப் போட்டியாக வரக்கூடியது எது தெரியுமா? கொழும்புச் சோதனையிற் பயன்பட்ட அதே டெட்ராகொசாக்டைட். 2013இல் அதன் அமெரிக்க உரிமையையும் குவெஸ்ட்கோரே வாங்கிக்கொண்டது. சந்தைக்குக் கொண்டுவருவதற்காக அன்று, பிறர் கொண்டுவராமல் தடுப்பதற்காகவே வாங்கியது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அக்கம்பனியைப் பின்னர் வாங்கிய மாலின்க்ரொட், 2017 ஜனவரியில் 10 கோடி டொலர் செலுத்தவும் அந்த உரிமையைப் பிறருக்கு வழங்கவும் இணங்கி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

இவ்விரண்டு எழுத்துகளையும், கொழும்பு வைத்தியர்களின் அறிக்கையையும் வாஷிங்டன் ஆணையத்தின் குற்றப்பத்திரத்தையும், அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். ஒரே நோய், ஒரே வகை மருந்து. ஓரிடத்தில் அறிவு வெளிவருவதற்காக ஒரு மருந்து சோதிக்கப்பட்டது. மற்றோரிடத்தில் வினாவே எழாதபடி ஒரு மருந்து பூட்டிவைக்கப்பட்டது. மக்களுக்கு விரோதமான செயல் எது? சோதித்ததா, சோதனைக்கும் விற்பனைக்கும் வராமல் தடுத்ததா? ஆகவே எமது எதிர்ப்பு சோதனை என்னும் முறையை நோக்கியதாக இருத்தல் தவறு. வினாவைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தை மூலதனம் தன் கையில் வைத்திருப்பதே எமது எதிர்ப்புக்கு உரியது.

கொழும்பு அறிக்கையைப் போற்றுவது அதைப் பூசிப்பதாகாது. 97 குழந்தைகள் என்பது பெருந்தொகையன்று. அங்கு கொடுக்கப்பட்ட ஊசியின் அளவு அமெரிக்காவில் வழங்கும் உயர்ந்த அளவைவிடக் குறைவு என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்துக்கு இடமுண்டு. மூன்று மாத முடிவிலும் குளிசையின் மேன்மை தெரிந்தது. ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. 2004இல் வெளியான பிரித்தானியச் சோதனையில் குளிசையும் ஊசியும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. மேலும் ஸ்டிரொயிட் குளிசை விளையாட்டுப் பொருளன்று. தொற்றுநோய்க்கு வழிதிறக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும், வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது. ஆனால் தன் முடிவை நாளை பிறர் மறுக்கத்தக்க வகையில், எண்ணும் முறையும் காட்டி எழுதிவைப்பதுதான் விஞ்ஞான எழுத்தின் நேர்மை. விளம்பரத்துக்கு அந்த நேர்மை கிடையாது, மந்திரிப்பவருக்கும் கிடையாது.

இவையெல்லாம் கதிரவெளிக்கு என்ன சொல்கின்றன? மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில், கடலுக்கும் காட்டுக்கும் இடையில் கிடக்கும் இவ்வூரில், மீன்பிடியையும் கூலிவேலையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு, ஒன்றுவிட்ட ஒருநாள் ஊசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்பது அன்றைய உழைப்பை இழப்பதாகும். வைத்தியர் கண்காணிப்பில் வீட்டிலேயே கரைத்துக் கொடுக்கக்கூடிய குளிசையும் அந்த ஊசியும் சமமென்று தெரிந்தாற்கூட அது இங்கே வாழ்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு. பெருநகரத்து அறிக்கையில் ‘சமம்’ என்று முடியும் வாக்கியம், கதிரவெளியில் ‘குளிசையே மேல்’ என்று வாசிக்கப்படும். வலிப்பு வந்த பிள்ளைக்கு நூல் கட்டியும் கழிப்புக் கழித்தும் நேர்த்தி வைத்தும் மாதங்களைக் கழிக்கும் தாயை நாம் அறியாமை என்று பழிக்கிறோம். அவள் கைக்கெட்டும் தூரத்தில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று கேட்பதில்லை.

இங்கேதான் தமிழாசிரியனுக்கும் எழுத்தாளனுக்கும் வேலை இருக்கிறது. 2004இல் கடல் எடுத்ததையும், 2006 நவம்பரில் பாடசாலையிலே தஞ்சம் புகுந்திருந்தோர்மீது ஷெல் விழுந்ததையும் கண்ட ஊர் இது. பெயரும் கையொப்பமும் கேட்டு வருபவரை ஐயத்தோடு நோக்க இம்மக்களுக்கு நியாயமுண்டு. அவர்களிடம் நாளை ஒரு சோதனைக்குச் சம்மதப் பத்திரம் நீட்டப்படுமாயின், அது எந்தத் தமிழில் இருக்கும்? ‘எழுமாற்று ஒதுக்கீடு’ என்று கலைச்சொல்லை அடுக்கினால் கையொப்பம் கிடைக்கும், சம்மதம் கிடைக்காது. ‘அம்மா, இந்த ரெண்டு மருந்திலயும் எது நல்லதெண்டு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுகொள்ளத்தான் கேக்கிறம். சீட்டுக் குலுக்கித்தான் குடுப்பம். நீங்க வேணாமெண்டாலும் பிள்ளைக்கு வைத்தியம் குறையாது. இடையில வேணாமெண்டாலும் விட்டுரலாம்’ என்று ஒரு வைத்தியர் மட்டக்களப்புப் பேச்சில் சொல்வாரானால், அந்தச் சில வாக்கியங்களில் ஜனநாயகம் முழுவதும் அடங்கியிருக்கும். ‘எங்களுக்கே தெரியாது’ என்பதைச் சொல்லத் துணியாத சோதனை மோசடி. அதைக் கேட்டுத் தலையசைக்கவும் தலையை ஆட்டி மறுக்கவும் மக்களுக்கு உரிமையில்லாத சோதனை அடிமைத்தனம். 1841இல் வெஸ்ட் எழுதிய கடிதத்தின் உயிர்நாடியும் அந்தத் ‘தெரியாது’தான்.

அயல்நாடான இந்தியாவில், மக்கள் இயக்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பின்னரே சோதனைகளுக்கான விதிகள் இறுகின. 2019ஆம் ஆண்டு விதிகளில் நட்டஈடு மாத்திரமன்றி, சோதனை முடிந்த பின்னரும் பயன்பெற்ற நோயாளிக்கு மருந்து கிடைப்பதற்கான ஏற்பாடும் இடம்பெற்றது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்து, மருந்துச் சோதனைகளையும் அதன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. சட்டம் காகிதத்திலிருந்து இறங்கி வருவது நாம் கேட்கும் அளவைப் பொறுத்தது.

கேட்பதற்கு எமக்கொரு மரபும் உண்டு. சேனக்க பிபிலே வெறும் பேராசிரியரல்லர். இடதுசாரி இயக்கத்தில் நின்றவர். மருந்தின் உண்மைப் பெயரை வணிகப் பெயரிலிருந்து பிரித்தெடுத்தவர். தேவையான மருந்தை நியாய விலைக்கு வாங்க 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்தவர். 1977இல் மறைந்தார். எந்த மருந்தை வாங்குவது என்பதை மக்கள் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் தலைமுறையின் முழக்கம். எந்த மருந்தை, எந்த வினாவுக்காக, எந்த மொழியிற் கேட்டுச் சோதிப்பது என்பதையும் மக்களே தீர்மானிக்க வேண்டும் என்பது எமது தலைமுறையின் முழக்கமாக வேண்டும்.

ஆகவே நண்பர்களே, அடுத்தமுறை மருந்துச் சோதனையைப் பற்றிக் கதை எழுதும்போது எலியை மாத்திரம் எழுதாதீர்கள். இரண்டு வாரம் விழித்திருந்து குழந்தையின் தலை குனிந்த தடவைகளைக் கொப்பியில் எண்ணிக் குறித்த தாயையும் எழுதுங்கள். அவள் எண்ணாவிட்டால் அறிக்கையில் எண் இல்லை. அறிக்கை இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்கு மருந்தும் இல்லை. அவள் எலியல்லள், அந்த ஆய்வின் ஆசிரியர்களில் அவளும் ஒருத்தி.